பூல் ரேட்டிங் செயலியை மேம்படுத்த எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியின் சுருக்கம்: லீக்கும் டூர்னமென்ட்டும் ஆடும் பூல் (மேசையில் கோலால் பந்துகளைக் குழியில் தள்ளும் ஆட்டம்) ஆட்டக்காரர்களுக்காக ஒரு ரேட்டிங் செயலி ஓடிக்கொண்டிருக்கிறது. எலோ முறை; மேட்ச் முடிந்ததும் ஜெயித்தவருக்குப் புள்ளி ஏறும், தோற்றவருக்கு இறங்கும். 7–0 என்று ஜெயித்தாலும் 7–6 என்று தப்பிப் பிழைத்தாலும் ஒரே புள்ளி. புதிதாக வந்தவர் இரண்டே மேட்ச்சில் மேலே போய் உட்கார்ந்துகொள்கிறார். சிலர் வேண்டுமென்றே தோற்று ரேட்டிங்கைக் கீழே வைத்திருக்கிறார்கள் என்ற புகாரும் இருக்கிறது. என்ன மாற்றலாம்?

வரைபடம், பதக்கம், நண்பர் பட்டியல் எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ரேட்டிங் ஒரு மதிப்பீடு. அதில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பது செயலிக்கும் தெரிய வேண்டும், திரையைப் பார்ப்பவருக்கும் தெரிய வேண்டும். உங்கள் புகார்களில் பெரும்பாலானவை அது தெரியாததால் வருபவை.

மேட்ச்சை விட்டு ரேக்குக்கு வாருங்கள்

பூலில் அடிப்படை அளவு ரேக்தான், அதாவது பந்துகளை அடுக்கி உடைப்பதில் தொடங்கி ஒருவர் ஜெயிப்பதுவரையான ஒரு தனி ஆட்டம். ஒரு மேட்ச் எத்தனை ரேக் ரேஸ் (முதலில் அத்தனை ரேக் ஜெயிப்பவருக்கே மேட்ச்) என்பது நடத்துபவர் முடிவு செய்வது. ஆட்டக்காரரின் திறமையோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. ஃபார்கோரேட் என்ற பூல் ரேட்டிங் அமைப்பு பரவலாக்கிய அளவுகோலையே எடுத்துக்கொள்ளலாம்: இருவருக்கும் 100 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப்போல் இரண்டு மடங்கு ரேக் ஜெயிப்பார். சூத்திரம்:

ஒரு ரேக் ஜெயிக்கும் வாய்ப்பு = 1 ÷ (1 + 2^(−வித்தியாசம் ÷ 100))

50 புள்ளி வித்தியாசத்துக்கு 58.6 சதவீதம், 100க்கு 66.7, 200க்கு 80. உங்கள் பழைய எலோ எண்களை இதற்கு மாற்ற வேண்டுமென்றால், அங்கே 400 புள்ளி வித்தியாசம் என்றால் ஜெயிக்கும் விகிதம் 10க்கு 1. இங்கே அதே விகிதம் 332 புள்ளியில் வரும். ஆனால் பழைய எண்கள் மேட்ச் வெற்றியிலிருந்து வந்தவை என்பதால் நேரடியாக மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய ஸ்கோர்கள் கையில் இருந்தால் முதலிலிருந்து கணக்கிடுவதே நல்லது.

மேட்ச் வெற்றியை மட்டும் எண்ணினால் என்ன கெடுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 50 புள்ளி வித்தியாசமுள்ள இருவர் 5 ரேஸ் ஆடினால் மேலே இருப்பவர் ஜெயிக்க 70 சதவீத வாய்ப்பு. அதே இருவர் 9 ரேஸ் ஆடினால் 77 சதவீதம். ஆட்டக்காரர்களும் அவர்களின் திறமையும் மாறவில்லை, வாய்ப்பு மட்டும் மாறிவிட்டது. உங்கள் செயலி இரண்டுக்கும் ஒரே புள்ளியைத் தருகிறது. குறுகிய ரேஸ் லீக்கில் ஆடுபவருக்கும் நீண்ட ரேஸ் டூர்னமென்ட் ஆடுபவருக்கும் அளவுகோலே வேறாகிவிடுகிறது. 7–6 என்ற ஸ்கோரில் 13 ரேக் தகவல் இருக்கிறது. அதில் ஒரே ஒரு ஆம்-இல்லை விடையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறிவது வீண்.

ரேஸ் முடிந்ததும் ஆட்டம் நின்றுவிடுகிறதே, அதனால் ரேக் கணக்கு ஒருபக்கமாகச் சாயாதா என்று கேட்பார்கள். நிறுத்தும் விதி ரேட்டிங் மதிப்பீட்டைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்காது. அதற்காகத் தனித் திருத்தம் எதுவும் போட வேண்டாம்.

எந்த ரேக்கை எண்ணக் கூடாது

கோட்பாட்டைவிட அதிகச் சேதம் இங்கேதான் நடக்கிறது.

ஹேண்டிகேப் (பலவீனமானவருக்குச் சலுகை தரும்) மேட்ச்சில் சிலர் அவருக்கு 2–0 என்று முன்கூட்டியே கொடுத்துத் தொடங்குவார்கள். இறுதி ஸ்கோர் 7–6 என்று பதிவாகும். உண்மையில் ஆடியது 7–4. அந்த இரண்டு இலவச ரேக்கும் ரேட்டிங்கில் போனால், ஹேண்டிகேப் வாங்குபவரின் ரேட்டிங் வாராவாரம் செயற்கையாக ஏறும். பதிவுப் படிவத்தில் ‘கொடுத்த ரேக்’, ‘ஆடி ஜெயித்த ரேக்’ என்று இரண்டு தனிக் கட்டங்கள் வையுங்கள். ஒரே கட்டம் வைத்து உதவிக் குறிப்பில் விளக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். ‘அவர் 7, நீ 4’ என்ற சமமில்லாத ரேஸில் இந்தச் சிக்கல் இல்லை. ஸ்கோர் அப்படியே போகலாம்.

பந்து ஹேண்டிகேப் வேறு வகை. 9ஆம் பந்தைக் குழியில் போடுபவர் ஜெயிக்கும் 9-பாலில் பலவீனமானவருக்கு 8-ஐயும் வெற்றிப் பந்தாகக் கொடுத்தால் ஆட்டமே மாறிவிடுகிறது. அந்த ரேக்குகளை முழுதாக விட்டுவிடுங்கள். தோராயமாகத் திருத்தப் பார்ப்பது நேர விரயம்.

வராமல் போனவருக்கு எதிராக 7–0 என்று போடுவது லீக் புள்ளிக்குச் சரி, ரேட்டிங்குக்குப் பூஜ்யம். பாதியில் விலகினால் அதுவரை ஆடிய ரேக்குகளை மட்டும் எண்ணுங்கள். ஜோடி ஆட்டம், மாறி மாறி அடிக்கும் அணி ஆட்டம் இரண்டும் தனிநபர் ரேட்டிங்கில் சேரக் கூடாது. 14.1 எனப்படும் ஸ்ட்ரெய்ட் பூலில் ரேக்குக்கு வெற்றி தோல்வியே இல்லை, புள்ளிக் கணக்கு. அதை இந்தச் சூத்திரத்துக்குள் திணிக்க முடியாது.

வரிசைக் கணக்கா, மொத்தக் கணக்கா

எலோ ஒரு வரிசைக் கணக்கு; ஒவ்வொரு முடிவையும் ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடும். அதன் விளைவைப் பாருங்கள். உண்மையில் 650 தரத்தில் ஆடும் ஒருவர் புதிதாகப் பதிவாகிறார். தொடக்க ரேட்டிங் 500 என்று வைக்கப்படுகிறது. நன்றாக நிலைபெற்ற 600 ஆட்டக்காரர் அவரிடம் 7–5 என்று தோற்கிறார். இது முற்றிலும் நியாயமான முடிவு. ஆனால் செயலியின் கண்ணில் 600 உள்ளவர் 500 உள்ளவரிடம் தோற்றிருக்கிறார். 12 ரேக்கில் 8 எடுத்திருக்க வேண்டியவர் 5 மட்டும் எடுத்தார். ஒரு ரேக்குக்கு 4 புள்ளி என்று வைத்திருந்தால் 12 புள்ளி போயிற்று. அடுத்த மாதம் புதியவர் 650க்கு ஏறிவிடுவார். இவர் இழந்த 12 புள்ளி மட்டும் திரும்பாது.

இதற்கு மாற்று மொத்தக் கணக்கு: எல்லா ஆட்டங்களையும் தினமும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, நடந்த முடிவுகளுக்கு மிகப் பொருத்தமான ரேட்டிங் தொகுப்பைக் கண்டுபிடிப்பது. பிராட்லி–டெர்ரி மாதிரி என்று 1952இலிருந்து இதற்குப் பெயர். இதன் கணக்கிடும் வழியை செர்மெலோ 1929இலேயே எழுதிவிட்டார். செயல்முறை எளிது. ஒவ்வொருவருக்கும் ‘வலிமை’ என்று ஓர் எண், அது 2^(ரேட்டிங் ÷ 100). பிறகு ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும்:

புதிய வலிமை = அவர் ஜெயித்த மொத்த ரேக் ÷ [ஒவ்வொரு எதிராளிக்கும் (அவருடன் ஆடிய ரேக் ÷ (தன் வலிமை + எதிராளி வலிமை)) என்பதன் கூட்டல்]

எல்லோருக்கும் இதைச் செய்து, யாருடைய ரேட்டிங்கும் 0.1 புள்ளிக்கு மேல் மாறாத வரை திரும்பத் திரும்பச் சுற்றுங்கள். சில பத்தாயிரம் ஆட்டக்காரர்கள் என்றாலும் இரவில் ஓடும் ஒரு சாதாரண நிரல் போதும். முந்தைய நாளின் விடையிலிருந்து தொடங்கினால் சுற்றுகள் வெகுவாகக் குறையும்.

மூன்று இடத்தில் இது தடுக்கும். ஒன்று, எல்லா ரேக்கும் ஜெயித்தவருக்கு விடை முடிவிலிக்கும், எல்லாம் தோற்றவருக்குப் பூஜ்யத்துக்கும் ஓடும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தொடக்க ரேட்டிங் கொண்ட ஒரு கற்பனை எதிராளியோடு 10–10 என்று 20 ரேக் ஆடியதாகச் சேர்த்துவிடுங்கள். உண்மை ரேக்குகள் சேரச்சேர அதன் பாரம் தானே கரைந்துவிடும். இரண்டாவது, இந்தக் கணக்கில் வித்தியாசங்களுக்குத்தான் பொருள்; எல்லோருக்கும் 30 கூட்டினாலும் ஆடிய ரேக்குகளுக்கு அதே பொருத்தம்தான். எனவே நிலைபெற்ற ஆட்டக்காரர்களின் ஒரு குழுவைத் தேர்ந்து அதன் சராசரியை ஓர் எண்ணில் பூட்டுங்கள். இல்லாவிட்டால் அளவுகோலே மெல்ல நகரும். மூன்றாவது, பழைய ஆட்டங்கள். ஒவ்வொரு முடிவுக்கும் 0.5^(வயது ÷ அரையாயுள்) என்று எடை கொடுத்து, ஜெயித்த ரேக், ஆடிய ரேக் இரண்டையும் அதனால் பெருக்குங்கள். அரையாயுளை 3 ஆண்டு என்று தொடங்கலாம். சரியான எண் உங்கள் தரவில்தான் கிடைக்கும். எப்படி என்று கீழே.

அரையாயுளை மிகக் குறைத்தால் ரேட்டிங் துள்ளும், மிகக் கூட்டினால் வேகமாக முன்னேறும் இளையவர்கள் இரண்டு ஆண்டு பின்தங்கியே தெரிவார்கள். இரண்டையும் ஒரே எண்ணால் திருப்திப்படுத்த முடியாது. இளையவர்களுக்கு மட்டும் குறைந்த அரையாயுள் என்ற சலுகை காகிதத்தில் அழகாக இருக்கும், ஆனால் ‘ஏன் அவனுக்கு மட்டும்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது.

வரிசைக் கணக்கையே வைத்துக்கொள்ள விரும்பினால் கிளிக்மனின் கிளிக்கோ முறைக்காவது மாறுங்கள்; அது ஒவ்வொருவரின் நிச்சயமின்மையையும் கூடவே கொண்டுபோகும், புதியவரிடம் தோற்ற தண்டனையைக் குறைக்கும்.

எத்தனை ரேக் ஆடினால் நம்பலாம்

நிலைபெற்ற, தன் தரத்துக்கு நெருக்கமான எதிராளிகளோடு ஆடினால் ரேட்டிங்கின் திட்டப்பிழை (மதிப்பீடு உண்மையிலிருந்து வழக்கமாக விலகக்கூடிய அளவு) சுமாராக 288 ÷ √(ரேக் எண்ணிக்கை). அதாவது 50 ரேக்குக்கு 41 புள்ளி, 200க்கு 20, 800க்கு 10. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட வேண்டும். ஃபார்கோரேட்டில் 200 ரேக் ஆனபிறகே ஒருவர் நிலைபெற்றவராகக் கருதப்படுகிறார். அந்த எண் எவ்வளவு நிதானமானது என்று இதிலிருந்து தெரியும்.

உண்மையில் பிழை இதைவிடக் கூடுதல்தான். ஒரே மேட்ச்சின் ரேக்குகள் ஒன்றுக்கொன்று சார்ந்தவை: அன்றைய ஃபார்ம், அந்த மேசையின் வேகம், துணியின் பழக்கம் எல்லாம் 12 ரேக்குக்கும் ஒன்றே. எதிராளிகளின் ரேட்டிங்கிலும் பிழை இருக்கிறது. பெரிய இடைவெளியில் ஆடும் ரேக்குக்குத் தகவலும் குறைவு: 200 புள்ளி வித்தியாசத்தில் ஆடிய ரேக், சமமானவரோடு ஆடியதில் 64 சதவீதம்தான் பெறும். பலவீனமானவர்களையே தேடித்தேடி ஆடி ‘ரேக் சேர்ப்பவர்’ எண்ணிக்கையில் நிலைபெற்றவர்போல் தெரிவார், கணக்கில் அவ்வளவு நிலைபெற்றிருக்க மாட்டார்.

இந்தப் பிழையைத் திரையில் கட்டாயம் காட்டுங்கள். ‘543’ என்று மொட்டையாகப் போடாமல் ‘543, 62 ரேக், இன்னும் நிலைபெறவில்லை’ என்று போடுங்கள். ‘543 ± 37’ என்பது கணக்கு தெரிந்தவர்களுக்குப் பிடிக்கும். மற்றவர்களுக்கு ரேக் எண்ணிக்கையும் ஒரு சொல்லும் போதும். தசமப் புள்ளி எங்கேயும் வேண்டாம். 543.7க்கும் 544.1க்கும் இடையே சண்டை போட வைக்கும் திரை மோசமான திரை.

தீவுகள்

ரேட்டிங் செயலிகளில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் பெரிய கோளாறு இதுதான். ஒரு லீக்கில் இருப்பவர்கள் தங்களுக்குள் மட்டுமே ஆடுகிறார்கள் என்றால் அவர்களுக்கிடையிலான வித்தியாசம் நன்றாகத் தெரியவரும். வெளியே இருப்பவர்களோடு ஒப்பிட்டால் அந்த லீக் மொத்தமும் எங்கே நிற்கிறது என்பதற்குத் தரவில் ஒரு துளிகூட ஆதாரம் இருக்காது. ஆனால் கற்பனை எதிராளியைச் சேர்த்திருப்பதால் செயலி தயங்காமல் எண் தரும். அந்த எண்ணின் உயரம் முழுக்க நீங்கள் வைத்த தொடக்க ரேட்டிங்கின் ஊகம். அந்த லீக்கின் 600, வேறு இடத்தில் 480 ஆக இருக்கலாம். முதல் திறந்த டூர்னமென்ட்டில் மானம் போகும்.

செய்ய வேண்டியது: ஆட்டக்காரர்களைப் புள்ளிகளாகவும், ஆடிய ரேக்குகளைக் கோடுகளாகவும் வைத்து, இணைந்திருக்கும் குழுக்களை வாரம் ஒருமுறை கண்டுபிடியுங்கள். முற்றிலும் துண்டாக இருப்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். மெல்லிய நூலால் தொங்கிக்கொண்டிருப்பவைதான் ஏமாற்றும். இரண்டு லீக்குகளுக்கு இடையே மொத்தம் 40 ரேக்தான் நடந்திருக்கிறது என்றால், அவற்றின் உயர வித்தியாசத்தில் திட்டப்பிழை கிட்டத்தட்ட 46 புள்ளி. உள்ளே ஒவ்வொருவரும் 800 ரேக் ஆடியிருந்தாலும் இந்த 46 குறையாது. 300 ரேக் பாலம் இருந்தால் 17க்கு வரும். பாலமாக இருப்பவர் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அவருக்கு வெளியூர் மேசையில் கை வராது என்றால் லீக் முழுவதும் சேர்ந்து கீழே போகும். ஐந்தாறு பேராவது வேண்டும்.

பாலம் மெலிந்த லீக்கின் ஆட்டக்காரர்களுக்குத் தனி அடையாளம் ஒன்று காட்டுங்கள், டூர்னமென்ட் நடத்துபவருக்கும் அது தெரியட்டும். லீக் நிர்வாகிகளுக்கு ‘உங்கள் லீக்குக்கு வெளி ரேக் இன்னும் இவ்வளவு தேவை’ என்று அறிவிப்பு அனுப்பினால் அவர்களே நட்பு மேட்ச் ஏற்பாடு செய்வார்கள்.

8-பால், 9-பால், 10-பால்: தனித்தனி ரேட்டிங்கா?

பெரும்பாலும் வேண்டாம். பிரித்தால் ஒவ்வொன்றிலும் ரேக் எண்ணிக்கை மூன்றில் ஒன்றாகும், பிழை ஏறும், தீவுகள் பெருகும். அதற்குப் பதில் ஆட்ட வகைக்கு ஒரு சாய்வு எண்ணை வையுங்கள். சூத்திரத்தில் வித்தியாசத்தை அந்த எண்ணால் பெருக்கினால் போதும். 1க்கு மேல் என்றால் அந்த ஆட்டம் திறமையை அதிகம் வெளிக்காட்டுகிறது, கீழே என்றால் அதிர்ஷ்டத்துக்கு இடம் கூடுதல். அந்த எண்ணை ஊகிக்காதீர்கள், தரவிலிருந்து மதிப்பிடுங்கள். 7 அடி, 9 அடி மேசைகளுக்கும் இதே உத்தி.

அதற்காக ஒவ்வொரு முடிவிலும் ஆட்ட வகை, மேசை அளவு, பிரேக் முறை (ரேக்கின் முதல் அடியை யார் அடிப்பது என்பது) மூன்றையும் இன்றிலிருந்தே சேமியுங்கள். இன்று பயன்படாவிட்டாலும், ஓர் ஆண்டு கழித்துத் தேவைப்படும்போது பின்னோக்கிப் போய்ச் சேகரிக்க வழியில்லை.

பிரேக் முறை ஏன்? ஜெயித்தவரே அடுத்த ரேக்கை உடைப்பது, மாறி மாறி உடைப்பது என்ற இரண்டில், மற்றவை சமமாக இருந்தால், ரேஸை யார் ஜெயிப்பார் என்ற வாய்ப்பு இரண்டிலும் ஒன்றே. கணிதத்தில் நிறுவப்பட்ட, முதலில் கேட்கும்போது நம்பக் கஷ்டமான முடிவு இது. ஆனால் பிரேக் சாதகமாக இருக்கும் ஆட்டக்காரர்களிடையே, ஜெயித்தவர் உடைக்கும் முறையில் ஸ்கோர் இடைவெளி விரியும். 7–1, 7–2 அதிகம் வரும். ஆகவே அங்கே ஒரு தனி மேட்ச்சின் ஸ்கோரைப் பார்த்து அதிகம் முடிவெடுக்கக் கூடாது.

கணக்கு சரியா என்று சோதிப்பது

இதைச் செய்யாமல் எந்த மாற்றத்தையும் வெளியிடாதீர்கள். ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்து, அதுவரையிலான தரவை மட்டும் கொண்டு ரேட்டிங் கணக்கிட்டு, அடுத்த மூன்று மாத ரேக்குகளை முன்கணித்துப் பாருங்கள். ஒவ்வொரு ரேக்குக்கும், நடந்த முடிவுக்குச் செயலி கொடுத்திருந்த வாய்ப்பின் இயல்மடக்கையை எதிர்மறையாக்கிச் சராசரி எடுங்கள். எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 0.693 வரும். உங்கள் கணக்கு அதற்குக் கீழே எவ்வளவு போகிறதோ அவ்வளவு நல்லது. அரையாயுளை 1, 2, 3, 5 ஆண்டு என்று மாற்றி ஓட்டி, எது குறைந்த எண்ணைத் தருகிறது என்று பாருங்கள். கற்பனை ரேக் 20 போதுமா, 40 வேண்டுமா என்பதும் இதே முறையில்தான் முடிவாகும்.

பிறகு முன்கணிப்புகளை 50–55, 55–60 என்று பெட்டிகளாகப் பிரித்து, உண்மை வெற்றி விகிதத்தோடு ஒப்பிடுங்கள். 70 சதவீதம் என்று சொன்ன இடத்தில் உண்மையில் 64 மட்டுமே வந்தால், ரேட்டிங்குகள் தேவைக்கு அதிகமாக விரிந்திருக்கின்றன. வழக்கமான காரணம் குறைந்த ரேக் ஆடியவர்கள். கற்பனை ரேக்கைக் கூட்டினால் அடங்கும். மாறாக 70 சொன்ன இடத்தில் 76 வந்தால் தொடக்க ரேட்டிங் எல்லோரையும் நடுவில் இழுத்துப் பிடித்துவைத்திருக்கிறது.

ஹேண்டிகேப் அட்டவணையையும் இதே வாய்ப்பிலிருந்து கணக்கிடுங்கள். 100 புள்ளி வித்தியாசத்துக்கு 7–4 ரேஸ் வைத்தால் மேலே இருப்பவருக்கு 56 சதவீதம், 7–3 வைத்தால் 38, 8–4 வைத்தால் 47. சமத்துக்கு மிக அருகில் 8–4 தான், அல்லது சற்றுக் குறுகலாக வேண்டுமென்றால் 6–3. ‘100க்கு மூன்று ரேக்’ என்று எல்லா ரேஸ் நீளத்துக்கும் ஒரே விதி வைத்திருக்கும் அட்டவணைகள் குறுகிய ரேஸில் அநியாயமாகிவிடும்.

வேண்டுமென்றே தோற்பவர்கள்

ரேக் அடிப்படைக்கு மாறியதுமே இதில் ஒரு பகுதி தானே கடினமாகும். மேட்ச்சைக் கடைசி ரேக்கில் விட்டுக்கொடுத்து ரேட்டிங்கை இறக்க முடியாது. நிறைய ரேக்குகளை விட வேண்டும், அது பார்ப்பவர் கண்ணில் படும்.

மீதியைக் கண்டுபிடிக்க, ஒருவரின் ஆட்டங்களை இரண்டாகப் பிரியுங்கள்: ஹேண்டிகேப் உள்ளவை, பரிசுத்தொகை பெரிதாக இருக்கும் திறந்த டூர்னமென்ட்கள். இரண்டுக்கும் தனித்தனியாக ரேட்டிங் கணக்கிட்டு வித்தியாசம் பாருங்கள். எச்சரிக்கை என்னவென்றால், ஹேண்டிகேப் ஆட்டம் 150 ரேக், திறந்த ஆட்டம் 60 ரேக் என்று வைத்தால் அந்த வித்தியாசத்தின் திட்டப்பிழையே 44 புள்ளி. 80 புள்ளி வித்தியாசம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் இரண்டு திட்டப்பிழைகூட இல்லை. அதைக் கொண்டு யாரையும் குற்றவாளி என்று சொல்ல முடியாது.

ஒரே நிகழ்வில் எதிர்பார்ப்பை மிஞ்சியதை அளக்க: (ஜெயித்த ரேக் − எதிர்பார்த்த ரேக்) ÷ √(ஒவ்வொரு ரேக்குக்கும் வாய்ப்பு × எதிர் வாய்ப்பு, இவற்றின் கூட்டல்). சமமானவர்களோடு 40 ரேக் ஆடி 28 ஜெயித்தால் 2.5 வரும். ஆயிரம் நேர்மையான ஆட்டக்காரர்களில் சுமார் எட்டு பேருக்குத் தற்செயலாகவே இப்படி நல்ல நாள் அமையும். எனவே செயலி தானாகத் தண்டிக்கக் கூடாது. பட்டியல் எடுத்து ஒரு மனிதக் குழுவிடம் கொடுக்கட்டும். அதே பெயர் மூன்று நான்கு நிகழ்வுகளில் திரும்பத் திரும்ப வந்தால் அவர்கள் விசாரிக்கட்டும். அந்தப் பட்டியல் வெளியே கசியக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பதிவு செய்யும் இடம்

தவறான முடிவுகளில் பெரும்பங்கு ஏமாற்று அல்ல, விரல் வழுக்கல். அதிலும் இரண்டு பெயரும் இடம் மாறி ஜெயித்தவர் தோற்றவராவது அதிகம். எண்களை மட்டும் காட்டி ‘சரியா’ என்று கேட்காமல், ‘இன்னார் இன்னாரை 7–4 என்று ஜெயித்தார்’ என்று முழு வாக்கியமாகக் காட்டிக் கேட்டால் பெரும்பாலானவை அங்கேயே பிடிபடும். 7 ரேஸ் என்றால் ஒருவருக்குச் சரியாக 7, மற்றவருக்கு அதற்குக் கீழ் என்ற விதியையும் போடுங்கள்.

எதிராளி உறுதிசெய்ய வேண்டும். 24 மணி நேரத்தில் மறுக்காவிட்டால் தானாக உறுதியாகட்டும். கட்டாய உறுதி என்று வைத்தால் தோற்றவர் அழுத்தவே மாட்டார். பூல் கூடங்கள் பலவும் அடித்தளத்தில் இருப்பவை, சிக்னல் நம்ப முடியாது. முடிவு கைபேசியிலேயே சேமிக்கப்பட்டு, இணைப்பு வந்ததும் போக வேண்டும். ஒவ்வொரு முடிவுக்கும் கைபேசியிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாகட்டும். அது இல்லாவிட்டால் மூன்று முறை முயன்று அனுப்பிய ஒரே மேட்ச் மூன்று மேட்ச்சாகப் பதியும்.

ஒரே ஆள் இரண்டு கணக்கு வைத்திருப்பது, ஒரே பெயரில் இரண்டு ஆட்கள் இருப்பது இரண்டும் நடக்கும். கணக்குகளை இணைக்கும் வசதி வேண்டும், அந்த இணைப்பைப் பிரிக்கும் வசதியும் கட்டாயம் வேண்டும். மொத்தக் கணக்கில் இது சுலபம்: மறுநாள் இரவு எல்லாம் தானே சரியாகும். கணக்கை நீக்கச் சொல்லிக் கேட்பவரின் ஆட்டங்களை அழித்துவிட்டால் எதிராளிகளின் ரேட்டிங் கலையும். பெயரை அகற்றிவிட்டு முகம் தெரியாத எண்ணாக ஆட்டங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் சொல்வதும், மாற்றத்தை வெளியிடுவதும்

ரேக் அடிப்படைக்கு மாறிய முதல் வாரமே ‘ஜெயித்தேன், ரேட்டிங் இறங்கிவிட்டது’ என்று புகார் வரும். 100 புள்ளி கீழே உள்ளவரை 7–5 என்று ஜெயித்தவர் 12 ரேக்கில் 8 எடுத்திருக்க வேண்டும், 7 எடுத்தார். 300 ரேக் ஆடியவருக்கு இதனால் சுமார் 2 புள்ளி இறங்கும், 50 ரேக்தான் ஆடியிருந்தால் 9 அல்லது 10. ‘எதிர்பார்த்தது 8, கிடைத்தது 7’ என்று அந்த மேட்ச்சின் கீழேயே ஒரு வரி போட்டுவிட்டால் புகார்களில் பெரும்பகுதி எழாது. ஆடாமலே ரேட்டிங் மாறுவதற்கும் அதே போல் ஒரு வரி: ‘முன்பு உங்களிடம் தோற்ற ஒருவரின் ரேட்டிங் உயர்ந்ததால் 3 கூடியது.’ மேட்ச் முடிந்த நொடியில் எண்ணை மாற்றிக் காட்டாதீர்கள். தினம் ஒருமுறை போதும். தோற்றவர் மேசை ஓரத்தில் நின்று கைபேசியைத் திறந்து பார்த்துக் கொதிப்பது குறையும்.

டூர்னமென்ட் நடத்துபவர்களுக்குத் தேவை வேறு. 550க்குக் கீழே உள்ளவர்களுக்கான போட்டி என்று அறிவித்த பிறகு ஒருவர் 548இலிருந்து 551 ஆனால் என்ன செய்வது? பதிவு முடியும் தேதியின் ரேட்டிங்கை உறைய வைத்து, அந்த நிகழ்வுக்கு அதுதான் என்று காட்டும் வசதி கொடுங்கள். ஒவ்வொரு நாளின் ரேட்டிங்கையும், அதைக் கணக்கிட்ட நிரலின் பதிப்பு எண்ணோடு சேமியுங்கள். நிலைபெறாதவர்களுக்கு எல்லையைப் பிழையோடு சேர்த்துப் பார்க்கும் உரிமையையும் நடத்துபவரிடம் விடுங்கள்: 62 ரேக்கோடு 540இல் இருப்பவர் 550 எல்லைக்குள் வருகிறார் என்று கணக்கு உறுதி சொல்ல முடியாது.

புதிய முறைக்கு ஒரே இரவில் மாறாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரம் பழையதையும் புதியதையும் பின்னணியில் சேர்த்து ஓட்டி, 40 புள்ளிக்கு மேல் வேறுபடுபவர்களின் பட்டியலைத் தனித்தனியாகப் பாருங்கள். அதில் தரவுப் பிழைகளும் தீவுகளும்தான் முதலில் சிக்கும். அவற்றைச் சரிசெய்தபின், லீக் நிர்வாகிகளுக்கு இரண்டு வாரம் முன்பே புதிய எண்களைக் காட்டி, நடந்துகொண்டிருக்கும் சீசனைப் பழைய எண்ணிலேயே முடிக்க விட்டு, அடுத்த சீசனின் முதல் நாளில் மாற்றுங்கள்.